கண்ணால் கற்றது பாதி

(பால்வெட்டுத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடியிருந்த கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பள விவகாரத்தைத் தலைவர் அவர்கள் விளக்கமாகப் பேசிவிட்டார்கள். நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது வேறு தலைப்பு. பயிர்த்தொழில் செய்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் புதிய முறைகளை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பின் வரிசையில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. சுற்றி வளைத்துப் போனாலும் இந்தப் பேச்சும் கடைசியில் சம்பளத்தில்தான் வந்து நிற்கும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நம் பாட்டன் பூட்டன்மார் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஆகிய ஜில்லாக்களில் நெல்லும் கம்பும் கேழ்வரகும் விளைவித்த ஜனங்கள். கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கும் வரையில் அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் கையில் உளி எப்படிப் படிந்தது? எந்தத் துரையும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் வந்தவர் வெட்டினார். பின்னால் வந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தார். தாயின் நிரையில் மங்கு துடைத்தும் ஒட்டுப்பால் உருவியும் நடந்த பெண்பிள்ளை, நாளடைவில் தனக்கென்று ஒரு நிரை வாங்கினாள். இதுதான் நம்முடைய பாடசாலை. அதற்குக் கூரை கிடையாது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்ததும் கிடையாது.

துரைமாரும் பிறக்கும்போதே ரப்பர் தெரிந்து பிறந்தவர்களல்லர். பிரேசில் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் 1876-ல் கொண்டுவந்த விதைகள் லண்டனுக்குப் பக்கத்திலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் வழியில் வந்த 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. காப்பி பயிரிட்டவர்கள் காப்பியையே கட்டிக்கொண்டு அழுதார்கள். 1888-ல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர் சட்டைப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு, கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் நடுங்கள், நடுங்கள் என்று சொல்லித் திரிந்தார். பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்ததுதான் மிச்சம்.

அந்த ரிட்லி செய்த பெரிய காரியம் விதை கொடுத்தது மட்டுமன்று. பிரேசிலில் சிறு கோடரியால் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்துவந்தார்கள். அதனால் மரம் புண்பட்டு முண்டும் முடிச்சுமாகிவிடும். ரிட்லி 1890-களில் ஒரே வெட்டின் கீழோரத்தை மட்டும் மெல்லியதாகச் சீவிச் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். சீவச் சீவப் பால் குறையவில்லை, கூடியது. பட்டையும் மறுபடி வளர்ந்தது. இன்று காலையில் நீங்கள் வெட்டிவிட்டு வந்த வெட்டு, அந்தச் சீவலின் வழியில் வந்ததுதான்.

1896-ல் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்ற சீன வியாபாரி ரிட்லியின் பேச்சை நம்பி, ஏறக்குறைய 40 ஏக்கரில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டார். அவருடைய மரங்கள் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணைத் திறந்தார்கள். வருஷக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்ன ரிட்லியை நம்பாதவர்கள், ஒரு வியாபாரியின் தோட்டத்தைக் கண்டதும் நம்பினார்கள். இந்த வேடிக்கையைக் கவனியுங்கள். உத்தியோகஸ்தர் சொன்னால் காது கேட்கிறது. நம்மைப்போல் நட்டப்படக்கூடிய ஒருவன் செய்து காட்டினால்தான் மனம் கேட்கிறது.

நம் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தேசத்திலும் இதே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அயோவா என்ற மாகாணம் சோளத்துக்குப் பேர்போனது. அங்கே புதிய கலப்பினச் சோள விதை குடியானவர்களிடையே எப்படிப் பரவியது என்று விசாரித்து ரையன், கிராஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1943-ல் எழுதினார்கள். இரண்டு வட்டாரங்களில் 259 குடியானவர்களைக் கேட்டிருக்கிறார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் யார் என்றால், பலரும் விதை விற்க வந்தவரைச் சொன்னார்கள். உங்களை நம்பவைத்தது யார் என்றால், பக்கத்து நிலத்துக்காரரைச் சொன்னார்கள். 1941-க்குள் இரண்டே பேர் தவிர எல்லோரும் புதிய விதைக்கு மாறிவிட்டிருந்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1910-ல் லண்டன் சந்தையில் ரப்பர் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்குக்கும் மேலே போயிற்று. கம்பத்து மலாய்க்காரர்கள் பார்த்தார்கள். தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் நிலம். இந்தப் பக்கம் நாம் வெட்டுகிறோம். விதை காட்டில் வெடித்துச் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிக்கொண்டு போய் நட்டார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்த அன்று யார் போனார்கள்? நெல்லையே நடுங்கள் என்பதுதான் சர்க்காரின் உபதேசம். 1917-ல் நெல் நிலத்தில் வேறு பயிர் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அப்படியிருந்தும் 1930-களில் மலாயாவின் ரப்பர் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சிறு தோட்டக்காரர்களிடம் இருந்தது. கடல் தாண்டிச் சுமத்ராவிலும் இதே கதைதான். இங்கே தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களும், மெக்கா யாத்திரை போய்த் திரும்பும் வழியில் இந்தக் கரையில் இறங்கியவர்களும் மூட்டையில் விதையும் மனத்தில் முறையுமாகப் போனார்கள். ஜம்பி காட்டில் நெல் விதைத்த புனத்திலேயே ரப்பரையும் ஊன்றிவிட்டார்கள்.

கம்பத்தார் நம்மைப் பார்த்துக் கற்றார்களே தவிர, அப்படியே காப்பியடிக்கவில்லை. தோட்டத்தில் ஏக்கருக்கு நூறு மரத்தைச் சற்றுத் தாண்டி வைத்தால், அவர்கள் இருநூறுக்கு மேல் நெருக்கி வைத்தார்கள். நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மரம் செத்துப்போகும், பட்டை தீர்ந்துபோகும் என்று ஜோசியம் சொன்னார்கள். மரம் சாகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக் கழகத்தார் போய் அளந்து பார்த்தபோது பட்டை போதிய அளவு இருக்கக் கண்டார்கள். 1946-ல் சிறு தோட்டங்களைச் சுற்றிப்பார்த்த பவர் என்ற பொருளாதார அறிஞர் இதற்கு நல்ல விளக்கம் கொடுத்தார். துரைக்கு வெட்டுக்கூலி செலவு. ஆகவே ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கும் பால்தான் அவர் கணக்கு. கம்பத்தாருக்கு வெட்டுவது தன் கையும் தன் மனைவி கையும். ஆகவே ஒரு ஏக்கரில் கிடைக்கும் பால்தான் அவர் கணக்கு. இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரி. பிறரிடம் கற்பது என்றால் அதைத் தன் வீட்டு வரவு செலவுக்குப் பொருத்திக்கொள்வதும் அதற்குள் அடக்கம்.

புல் விஷயத்தை இன்னும் ரசமாகச் சொல்லலாம். தீம்பாரில் ஒரு புல்கூட முளைக்கலாகாது என்பது அந்தக் காலத்துத் துரைமாரின் வேதம். நம் பாட்டிமார் முதுகு ஒடியச் செதுக்கினார்கள். மேட்டு நிலத்தின் மேல்மண்ணெல்லாம் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. கம்பத்து நிலத்திலோ புல்லும் புதருமாக மண்டிக் கிடக்கும். சோம்பேறித்தனம் என்று ஏசினார்கள். 1930-களில் பார்த்தால், தோட்டங்களே மண்ணை மூடிவைக்கும் கொடிகளையும் தானாக முளைக்கும் செடிகளையும் விட்டுவைக்க ஆரம்பித்தன! செதுக்கிய முதுகுக்கு யாரும் நட்ட ஈடு கொடுத்ததாகத் தெரியவில்லை. போகட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் கற்கக்கூடியவை. விதை நடுவது தெரியும், மரம் நிற்பது தெரியும், பால் வடிவது தெரியும். ஆனால் நம் தொழிலில் கண்ணுக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

வெட்டின் ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் நாளங்கள் அதிகமாக இருப்பது உள்பட்டையில், மரத்தை ஒட்டினாற்போல. மேலாக வெட்டினால் பால் உள்ளேயே நின்றுவிடும். மரத்தைத் தொட்டுவிட்டால் காயம்; புதுப் பட்டை முண்டாக வளரும்; பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் திரும்பி வரும்போது உளி ஓடாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே பட்டையை மிச்சம் வைக்கவேண்டும். உளி கீச்சென்று போகும் சத்தத்திலும் மணிக்கட்டில் விழும் பாரத்திலும்தான் அந்த ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது தெரியாது. தெரிந்தவர் அவன் கையைப் பிடித்து, இங்கே நிறுத்து என்று சொன்னால்தான் வரும்.

கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து போகிறது என்று கேட்டால், பழக்கம் என்று பலர் சொல்வார்கள். பால் நாளங்கள் நேராக மேலே ஏறுவதில்லை. சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு, அதிக நாளங்களை அறுக்கும். விடியுமுன் வெட்டச் சொல்வதும் வெயிலுக்குப் பயந்தன்று. இரவில் மரம் நீர் குடித்து நாளங்கள் விம்மி நிற்கின்றன. வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் தளர்ந்துவிடும். காரணம் தெரிந்தவன், மழையால் தாமதமான நாளில் என்ன செய்யலாம் என்று தானே யோசிப்பான். காரணம் தெரியாதவன் தண்டல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பட்டைக் கணக்கும் அப்படியே. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால், ஒன்றுவிட்ட நாள் வெட்டில் வருஷத்துக்கு ஒன்பது பத்து அங்குலம் போகும். ஐம்பது அங்குல உயரத்தில் தொடங்கிய பக்கம் ஐந்து வருஷத்துக்கு மேல் வரும். இரட்டிப்பாகச் சீவுகிறவனுக்கு அன்றன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்றாம் வருஷம் கோடு வேர்ப்பக்கம் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

மருந்து விஷயத்தில் இந்தக் கண் கல்வி எவ்வளவு ஆபத்து என்று பார்த்துவிட்டோம். எத்திஃபான் என்ற ஊக்க மருந்து 1960-களின் இறுதியிலிருந்து நம் தொழிலுக்கு வந்தது. அது மரத்தைக் கூடுதலாகப் பால் சுரக்கச் செய்யும் அமிர்தம் அல்ல. வெட்டிய வாயில் பால் உறைந்து அடைபடுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் நெடுநேரம் வடிகிறது. எடுத்த பாலைத் திரும்ப நிரப்ப மரத்துக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைக் கொடுத்துப் பயன்படுத்தியவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் அடுத்த நிரைக்காரன் கண்ணில் பட்டது என்ன? நிரம்பிய வாளி! எத்தனை நாளுக்கு ஒரு முறை பூசினார், எத்தனை வீரியத்தில் கலந்தார், பூசிய பிறகு வெட்டு நாட்களை எப்படிக் குறைத்தார் என்பதெல்லாம் வாளியில் எழுதியிருக்கவில்லை. வாளியைப் பார்த்துக் கற்றவர்கள் அடிக்கடி பூசினார்கள், வெட்டையும் குறைக்கவில்லை. பட்டை வறண்டு கோடு காய்ந்துபோன மரங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அங்கே அறிவு பரவவில்லை என்று சொல்லமுடியாது. பாதி அறிவு முழு வேகத்தில் பரவியது.

மிச்சப் பாதியை வாயால் சொல்லவேண்டும். தெரிந்தவர் ஏன் சொல்லுவதில்லை? இதை மூடி மறைக்காமல் பேசுவோம். பொறாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நமக்கு அது நியாயமாகப் படவில்லை. எல்லோரும் கூடுதலாக எடுத்துக் காட்டினால் நாளைக்குக் கணக்கை உயர்த்திவிடுவார்களே என்ற அச்சம் தொழிலாளிக்கு இருக்கிறது. அது அனுபவத்தில் வந்த அச்சம். தான் கண்டுபிடித்த லேசான வழியைச் சொன்னால் தன் சோற்றுக்கே வினையாகும் என்று நினைக்கிறவனிடம், சகோதரா, பகிர்ந்துகொள் என்று உபதேசிப்பது வீண். இன்ன எடைக்கு இன்ன கூலி, மேலெடைக்கு இவ்வளவு என்று கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, அதை ஒருதலையாக மாற்றமுடியாது என்ற நிலை இருந்தால்தான் அவன் வாய் திறக்கும். சம்பளத்தில் வந்து நிற்கும் என்று சொன்னோம் அல்லவா, இங்கேதான் நிற்கிறது. கூலியைக் கட்டிப்போடும் ஒப்பந்தம், நாவின் கட்டை அவிழ்க்கிறது.

இன்னொரு காரணம், மரம் நம்முடையதன்று. கம்பத்தார் கற்றதை மறுநாள் தன் மரத்தில் செய்தார்; பலன் அவருக்கு. நாம் கற்றதை வேறொருவர் மரத்தில் செய்தோம். 1952-ல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. அப்போது பழைய மரத்தை வெட்டிப்போட்டு ஆறேழு வருஷம் வருமானமில்லாமல் காத்திருக்கச் சிறு தோட்டக்காரர்கள் தயங்கினார்கள். பழைய விதை மரம் ஏக்கருக்கு வருஷம் 400, 500 ராத்தல், ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரம் அதற்கு மூன்று மடங்கும் அதற்கு மேலும் கொடுக்கும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார்கள். காகிதம் என்ன சொன்னாலும், பக்கத்து நிலத்துக்காரரின் புது மரத்தில் முதல் மங்கு நிறைவதைப் பார்த்த பிறகே பலர் கோடரி எடுத்தார்கள். அந்த ஒட்டுக்கட்டும் வித்தை தோட்டத்து நாற்றங்காலில் நம்மவர் கைக்கு வந்த வித்தை. கன்றின் பட்டையில் ஜன்னல் திறந்து, மொட்டுள்ள துண்டைச் செருகி, உள்பக்கத்தில் விரல் படாமல் சுற்றிக் கட்டி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கைக்கு வித்தை இருந்தது. காலுக்கு நிலம் இல்லை.

1950-களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம் ஜனங்கள் எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள் என்பதை நீங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். 1960-ல் துன் சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளியின் காசில் 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதும் அந்தக் கண்ணீருக்குப் பதிலாகத்தான். வித்தை தெரிந்த கையும் மரமும் ஒரே இடத்தில் சேரவேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது.

இன்றைய நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. பல தோட்டங்கள் எண்ணெய்ப் பனையாகிவிட்டன. சில இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. மலேசியாவின் ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்போது சிறு தோட்டக்காரர்களிடம் இருக்கிறது. ஆள் கிடைக்காமலும் விலை கட்டுப்படியாகாமலும் வெட்டாமல் கிடக்கும் மரங்களும் உண்டு. நம்மில் சிலர் சிறு தோட்டங்களில் பாதிக்குப் பாதி பங்குக்கு வெட்டுகிறோம். இந்தப் பங்கு முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைய பாலில் நமக்குப் பாதி. ஐந்து வருஷத்துக்குப் பின் மிஞ்சும் பட்டையில் நமக்கு ஒன்றுமில்லை. ஆழம் பார்த்து, இடைவெளி விட்டு வெட்டு என்று உடைமைக்காரர் எதிர்பார்த்தால், இத்தனை வருஷம் வெட்டு உனக்குத்தான் என்று அவரும் எழுதிக் கொடுக்கவேண்டும். நாளைக்கே அனுப்பிவிடக்கூடிய ஆளிடம் நாளையைப் பற்றிய அக்கறையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2017 முதல் நம் நாட்டில் பரவியிருக்கும் இலை உதிர் நோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டமான பழுப்புப் புள்ளிகள் விழுந்து இலை கொட்டுகிறது; பால் குறைகிறது. அதிகாரிகள் வருஷத்தில் எத்தனை நாள் காட்டுக்குள் வருவார்கள்? விடியற்காலையில் ஒவ்வொரு மரத்தையும் தொடுகிறவர் நாம். எந்த நிரையில், எந்த மழைக்குப் பிறகு இலை கொட்டத் தொடங்கியது என்பது முதலில் நமக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

கிராணி நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் வைத்துப் பார்த்துப் பெயருக்கு நேரே எழுதுகிறவர்கள் நீங்கள். ஒரு நிரையில் ஏன் பால் கூடியது, ஏன் பசை குறைந்து தண்ணீராக வந்தது என்பதற்குச் சாட்சி உங்கள் புத்தகம். அது கூலி போடுவதற்கு மட்டும் திறந்து மூடப்படுகிறது. மருந்து பூசிய தேதியையும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாளி மறைத்ததைப் புத்தகம் காட்டிவிடும். ஆள் பெயரை நீக்கிவிட்டு, நிரை எண்ணை மட்டும் போட்டு மூன்று மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாருங்கள். யாரையும் காட்டிக்கொடுப்பதற்காக அன்று; அதனால்தான் பெயர் வேண்டாம் என்கிறோம்.

வெட்டுத் தொழிலாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு நாள் வெட்டில் விழுந்த சீவல்களை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவரவேண்டும். பத்து பேர் சீவலை மேஜைமேல் பரப்பி வைத்தால், யார் கனமாகச் சீவுகிறார் என்று அளவுகோல் இல்லாமலே தெரிந்துவிடும். பக்கம் திறந்த மாதமும், இந்த வருஷம் எத்தனை தடவை மருந்து பூசினீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். மூத்தவர்கள் உளியையும் தீட்டுக்கல்லையும் சேர்த்து எடுத்து வாருங்கள். புதிதாக வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்னும் உளி தீட்டவே வரவில்லை. அதை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும்.